செல்போனுக்கு ஒரு கிடங்கு
மெமரி கார்டு வாங்குவோரும் விற்போரும் கவனிக்க வேண்டியவை

கடையில் சரக்கு நிரம்பி வழிந்தால் வியாபாரி என்ன செய்வார்? ஓடாத சரக்கைக் கழித்துக்கட்டி இடம் பண்ணுவார். அப்படியும் போதவில்லை என்றால் பக்கத்துத் தெருவில் ஒரு கிடங்கு பிடிப்பார். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்கும் இதே நிலைமை வந்திருக்கிறது. கொள்முதல் பில், லாரி ஆபீஸ் ரசீது, வங்கிச் செலான், பாக்கிக்காரர் பணம் போட்டதற்கான படம், கம்பெனிகளின் விலைப்பட்டியல், சங்கத்தின் சுற்றறிக்கை, போதாக்குறைக்குத் தினமும் வந்து விழும் காலை வணக்கப் படங்கள் என்று எல்லாம் அதற்குள்தான் போய்ச் சேருகின்றன. வாடிக்கையாளர் எதிரே நிற்கும் நேரமாகப் பார்த்து 'இடம் இல்லை' என்று போன் கையை விரித்துவிடுகிறது.

"ஒரு மெமரி கார்டு வாங்கிப் போடுங்கள், சரியாகிவிடும்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். நல்ல யோசனைதான், செலவும் குறைவு. ஆனால் கிடங்கு வேறு, இரும்புப் பெட்டி வேறு. கிடங்கில் மூட்டையை அடுக்குவோமே தவிர, கிரயப் பத்திரத்தை வைக்க மாட்டோம். மெமரி கார்டு ஒரு கிடங்கு. அதை இரும்புப் பெட்டி என்று நினைத்து வருடக் கணக்கைக் கொண்டுபோய் வைப்பதுதான் ஆபத்து. நம் உறுப்பினர்களில் கார்டை உபயோகிப்பவர்களும் உண்டு, அதையே விற்பவர்களும் உண்டு. இரு தரப்பாருக்கும் உதவும் விவரங்களை இங்கே தருகிறோம்.

நகத்தளவு கார்டின் வரலாறு

இந்தக் கார்டுக்குள் இருப்பது 'ஃப்ளாஷ்' எனப்படும் சிப். ஜப்பானின் தோஷிபா கம்பெனியில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கியது. மின்சாரத்தை நிறுத்தினாலும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கோடானுகோடி நுண்ணிய அறைகள் அதில் இருக்கின்றன. 1999-ல் சான்டிஸ்க், மட்சுஷிடா, தோஷிபா ஆகிய மூன்று கம்பெனிகளும் சேர்ந்து எஸ்.டி. கார்டைக் கொண்டுவந்தன. 2004-ல் சான்டிஸ்க், செல்போனுக்கென்றே 'ட்ரான்ஸ்ஃப்ளாஷ்' என்று ஒரு குட்டிக் கார்டைச் செய்தது. மறு ஆண்டே அதற்கு மைக்ரோ எஸ்.டி. என்று பெயர் மாறியது. 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். இன்றுவரை அந்த அளவு மாறவில்லை. மாறியது கொள்ளளவுதான். அன்று 32 எம்.பி., 128 எம்.பி. என்று வந்த அதே அளவு கார்டில் இன்று 128 ஜி.பி., 512 ஜி.பி. என்று கொள்கிறது. அதாவது ஆயிரக்கணக்கான மடங்கு.

நம் ஊர்களில் 'சிப்பு' என்று பெயர் வாங்கிய இந்தக் கார்டு, ஒரு காலத்தில் செல்போன் கடைகளுக்குத் தனி வியாபாரமாகவே இருந்தது. கார்டை வாங்கி, கம்ப்யூட்டரில் செருகி, பாட்டும் படமும் ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்கினார்கள். (பதிப்புரிமைச் சட்டப்படி அது சரியல்ல என்பது வேறு விஷயம்.) 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இன்டர்நெட் மலிந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அதற்காகக் கார்டு போய்விடவில்லை. அன்று பாட்டுக்காக வாங்கினார்கள். இன்று இடத்துக்காகவும் கண்காணிப்புக் கேமராவுக்காகவும் வாங்குகிறார்கள்.

முதலில் இருப்பதைக் கழியுங்கள்

கிடங்கு பிடிப்பதற்கு முன் கடையை ஒழுங்கு செய்வதுதான் முறை. ஒரு மளிகை மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 40 பில்களைப் போனில் படம் எடுக்கிறார். ஒரு படம் 3 எம்.பி. என்றால் நாளைக்கு 120 எம்.பி.; வருடத்தில் 300 நாள் கடை என்று வைத்தால் 36 ஜி.பி. 64 ஜி.பி. போனில், போனின் சொந்த உபயோகம் போக மிஞ்சும் இடத்தை இது ஒன்றே விழுங்கிவிடும். அதே பில்லைச் சாதாரணப் படமாக எடுக்காமல், கூகுள் டிரைவ் போன்ற செயலிகளில் உள்ள ஸ்கேன் வசதியால் பி.டி.எஃப். ஆக எடுத்து, அது 300 கே.பி. அளவில் நின்றால், வருடத்துக்கு 3.6 ஜி.பி.தான் ஆகும். பத்தில் ஒரு பங்கு! பில்லைப் படம் எடுப்பதே வேண்டாம் என்று யாரும் எண்ண வேண்டாம். இப்போது வரும் பில்களில் பாதி வெப்பத்தாளில் அச்சானவை. சில மாதங்களில் எழுத்து மறைந்து வெள்ளைத் தாளாகிவிடும்.

அடுத்தது வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். எந்தக் குழு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று அங்கேயே பார்த்துக் கழிக்கவும் வசதி உண்டு. இதை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தன் படங்களைப் போனின் சொந்த இடத்தில்தான் வைக்கும். 'இனி கார்டில் வை' என்று சொல்ல அதில் வழியில்லை. கார்டு வாங்கிப் போட்டும் 'இடம் இல்லை' என்ற அறிவிப்பு நிற்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்கு வருகிறவர்கள் பலர் இதைத் தெரியாமல்தான் வருகிறார்கள்.

கார்டில் எது போகும், எது போகாது

கார்டு போட இடம் உள்ள போனா என்று முதலில் பார்க்க வேண்டும். ஐபோனில் 2007-ல் வந்த முதல் போனிலிருந்து எதிலுமே கார்டுக்கு இடம் கிடையாது. சாம்சங் தன் உயர்விலை வரிசையில் 2015-ல் எஸ்6 போனில் அந்த இடத்தை நீக்கி, மறு ஆண்டு எஸ்7-ல் திரும்பக் கொடுத்து, 2021-ல் எஸ்21-ல் மறுபடி எடுத்துவிட்டது. உள்ளே இருக்கும் சிப்பின் வேகத்துக்குக் கார்டு ஈடுகொடுப்பதில்லை என்பது ஒரு காரணம். கூடுதல் இடம் வேண்டுமென்றால் கூடுதல் விலைப் போனை வாங்கட்டும் என்பது இன்னொரு காரணமாக இருக்கும் என்று வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறைந்த விலை, நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் இன்றும் கார்டு போடலாம். ஆனால் சிலவற்றில் இரண்டாவது சிம்மும் கார்டும் ஒரே பள்ளத்தைப் பங்கு போடுகின்றன. கடைக்கு ஒரு நம்பர், வீட்டுக்கு ஒரு நம்பர் வைத்திருப்பவர் வாங்கும்போதே தட்டை வெளியே இழுத்துப் பார்த்துவிட வேண்டும். எத்தனை ஜி.பி. வரை அந்தப் போன் ஏற்கும் என்பதும் போனோடு வரும் குறிப்பில் இருக்கும்.

கேமராப் படங்கள், வீடியோ, பாட்டு, பழைய விலைப்பட்டியல், கேட்லாக் ஆகியவை தாராளமாகக் கார்டுக்குப் போகலாம். கேமரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தை ஒரு முறை மாற்றிவிட்டால் எடுக்கும் படம் நேரே கார்டில் விழும். பணம் வாங்கும் செயலிகள், வங்கிச் செயலிகள், பில் போடும் செயலிகள் பெரும்பாலும் போனைவிட்டு நகராது. நகர்த்தவும் முயல வேண்டாம்.

2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் கார்டைப் போனின் சொந்த இடமாகவே ஆக்கிக்கொள்ளும் ஒரு ஏற்பாடு உண்டு. எல்லாப் போனிலும் தருவதில்லை. புதுக் கார்டைச் செருகியதும் 'எப்படி உபயோகிக்கப் போகிறீர்கள்' என்று போன் கேட்கும். கேட்பதற்குக் கவர்ச்சியாக இருக்கும் இந்த ஏற்பாட்டை வியாபாரிகள் தவிர்ப்பது நல்லது. இதில் கார்டு முழுவதும் பூட்டப்பட்டு, சாவி அந்தப் போனுக்குள் இருக்கும். போன் கெட்டுப்போனால் கார்டு நன்றாக இருந்தும் பயனில்லை. வேறு எதிலும் படிக்க முடியாது. கார்டு கெட்டால் அதன்மீது ஓடிய செயலிகளும் போய்விடும். எடுத்து வேறு போனில் போடும்படியான சாதாரணக் கார்டாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டின்மேல் அச்சிட்ட குறிகளைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். வட்டத்துக்குள் 10 என்றிருந்தால் வினாடிக்குக் குறைந்தது 10 எம்.பி. எழுதும் என்று பொருள். சாதாரண உபயோகத்துக்கு அதுவும் 'ஏ1' என்ற குறியும் போதும். உயர்ரக வீடியோ எடுப்பவருக்கு 'யு3' அல்லது 'வி30'. 64 ஜி.பி. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் 59 சொச்சம்தான் காட்டும். அது ஏமாற்று அல்ல. செய்பவர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார், கம்ப்யூட்டர் 1024 ஆகக் கணக்கிடுகிறது. பட்டணம் படிக்கும் வேறு ஊர்ப் படிக்கும் அந்தக் காலத்தில் இருந்த வித்தியாசம் போலத்தான்.

எட்டு மூட்டை அறைக்கு ஐந்நூறு மூட்டை போர்டு

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. கார்டுக்குள் சிப்போடு ஒரு குட்டிக் கணக்கப்பிள்ளையும் இருக்கிறார். 'கன்ட்ரோலர்' என்பார்கள். 'இங்கே எவ்வளவு இடம் இருக்கிறது' என்று போன் கேட்டால் பதில் சொல்வது இவர்தான். மோசடிக்காரர்கள் 8 ஜி.பி. சிப்பை உள்ளே வைத்துவிட்டு, 512 ஜி.பி. என்று பொய் சொல்லும்படி இந்தக் கணக்கப்பிள்ளையைப் பழக்கிவிடுகிறார்கள். போனும் நம்புகிறது, கம்ப்யூட்டரும் நம்புகிறது.

எட்டு மூட்டை கொள்ளும் அறைக்கு வெளியே ஐந்நூறு மூட்டை என்று போர்டு மாட்டினால் என்ன ஆகும்? முதல் எட்டு மூட்டை ஒழுங்காக உள்ளே போகும். ஒன்பதாவது மூட்டை வந்ததும், ஒன்று அதை வாசலிலேயே கொட்டிவிடுவார்கள், இல்லையென்றால் முதல் மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் வைப்பார்கள். இருப்புப் பதிவேட்டில் மட்டும் ஒன்பது மூட்டை என்று எழுதியிருக்கும். போலிக் கார்டிலும் இதுவே நடக்கிறது. படங்களின் பெயர்களெல்லாம் வரிசையாகத் தெரியும். திறந்தால் சாம்பல் கட்டம்தான். வாங்கிய அன்று பத்துப் படம் எடுத்துப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. எட்டு ஜி.பி. நிரம்ப இரண்டு மாதம் ஆகலாம். தெரியவரும்போது திருப்பிக் கொடுக்கும் தவணை முடிந்திருக்கும், படங்களும் போயிருக்கும்.

மதிப்பான கம்பெனிப் பெயர் அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்து நம்பவும் முடியாது. ஆண்ட்ரூ 'பன்னி' ஹுவாங் என்ற அமெரிக்கப் பொறியாளர், தம் தயாரிப்புக்கு வாங்கிய கார்டுகளில் ஒரு தொகுதி சரியில்லாமல் போனதைத் துருவிக்கொண்டு சீனாவின் ஷென்ஜென் நகரத்து மின்னணுச் சந்தைவரை போனார். ஒரே பெயர் போட்ட கார்டுகளைப் பல இடங்களில் வாங்கி, ஓட்டை அமிலத்தில் கரைத்து, உள்ளே இருந்த சிப்புகளைப் பார்த்து 2010-ல் விவரமாக எழுதினார். மேலே ஒரே பெயர். உள்ளே சிப்பும் தயாரிப்பாளர் எண்ணும் கார்டுக்குக் கார்டு வேறாக இருந்தன.

விலை ஒரு நல்ல அடையாளம். 1 டி.பி., 2 டி.பி. என்று போட்டுச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கார்டு, சந்தேகமே வேண்டாம், போலிதான். தங்கத்தைப் பித்தளை விலைக்கு யாரும் விற்பதில்லை. ஆனால் இப்போது 64, 128 ஜி.பி. அளவிலும் போலி வருகிறது. விலையும் ஓரளவு ஒட்டியே வைக்கிறார்கள். ஆகவே சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

அரிசி மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்ப்பது போல இதற்கும் கருவி உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸுக்கு 'எஃப்3' என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இவை கார்டை விளிம்பு வரை நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து, ஒன்றுவிடாமல் ஒப்பிடுகின்றன. வினாடிக்கு 20 எம்.பி. வேகத்தில் எழுதினால் 64 ஜி.பி. கார்டு நிரம்ப ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். திரும்பப் படிக்க மேலும் சிறிது நேரம். கடை கட்டும்போது ஓடவிட்டால் காலையில் முடிவு தயார். புதுக் கார்டில் ஒன்றும் வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். மொத்தமாக எடுக்கும் கடைக்காரர்கள், பத்து கார்டு பெட்டியில் தாங்களே இரண்டைப் பொறுக்கிச் சோதிக்கலாம். சப்ளை செய்பவர் எடுத்து நீட்டும் கார்டைச் சோதித்துப் பயனில்லை.

விற்பவர்கள் கவனத்துக்கு

"நான் செய்தேனா, வந்ததை விற்றேன்" என்பது சட்டத்தின் முன் முழுமையாக நிற்காது. 1999-ம் வருட வர்த்தகச் சின்னங்கள் சட்டத்தின் 104-வது பிரிவின்படி, பொய்யான வர்த்தகச் சின்னம் இட்ட பொருளை விற்பவருக்கும், விற்பதற்காக வைத்திருப்பவருக்கும் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. அதே பிரிவு ஒரு பாதுகாப்பையும் தருகிறது. நியாயமான முன்ஜாக்கிரதை எடுத்தும் சந்தேகப்படக் காரணம் இல்லாதிருந்தது என்றும், யாரிடம் வாங்கினோம் என்ற விவரத்தைக் கேட்டவுடன் கொடுத்துவிட்டோம் என்றும் காட்ட முடிந்தவர் தப்பலாம். அதைக் காட்ட நம்மிடம் இருக்க வேண்டியது கொள்முதல் பில். பில் இல்லாமல் பையில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறவரிடம் நாலு ரூபாய் குறைவென்று வாங்கிப் போடும் சரக்கு, நம் பாதுகாப்பை நாமே விற்றுவிடுவதற்குச் சமம்.

பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்கள். 2011-ம் வருடப் பொட்டலப் பொருள் விதிகளின்படி இறக்குமதியாளர் பெயர், விலாசம், எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். இவை இல்லாத சரக்கைத் தொடாமல் இருப்பதே நலம்.

கண்காணிப்புக் கேமராவுக்குக் கார்டு கேட்பவரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லி விற்கலாம். ஃப்ளாஷ் சிப்பின் ஒவ்வொரு அறையும் இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு. வகையைப் பொறுத்துச் சில நூறு முதல் சில ஆயிரம் தடவை. வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இரவு பகலாக எழுதும் கேமரா, ஒரு நாளில் 21 ஜி.பி.க்கு மேல் எழுதுகிறது. 64 ஜி.பி. கார்டு மூன்று நாளில் நிரம்பி, மறுபடி முதலிலிருந்து எழுதப்படும். வருடத்துக்கு 120 தடவை. அத்தனைக்கும் கேமரா மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. இதற்கென்றே 'ஹை எண்டியூரன்ஸ்' என்று அச்சிட்ட கார்டுகள் வருகின்றன. சாதாரணக் கார்டைக் கொடுத்து, திருட்டு நடந்த அன்று படம் இல்லை என்று வாடிக்கையாளர் வந்து நிற்பதைவிட அதைச் சொல்லி விற்பது மேல்.

கணக்கை எங்கே வைப்பது?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கையும் பில்களையும் வைத்திருக்கச் சொல்கிறது. 2023-24-ம் ஆண்டுக்கு அந்தக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆகவே 2030 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் முறையில் வைக்க அனுமதி உண்டு. அப்படி வைப்பவர்களுக்கு 57-வது விதி ஒரு நிபந்தனை போடுகிறது. விபத்தினாலோ இயற்கைச் சீற்றத்தினாலோ அழிந்தால், நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கும்படி முறையான நகல் இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும்.

போனுக்குள் இருக்கும் கார்டு இந்த நகல் ஆகாது. போன் தொலைந்தால் கார்டும் கூடவே தொலைகிறது. போன் தண்ணீரில் விழுந்தால் கார்டும் விழுகிறது. கழற்றி இரும்புப் பெட்டியில் போட்டு வைத்தாலும் நிம்மதி இல்லை. ஃப்ளாஷ் அறைகளில் உள்ள மின்னூட்டம் வருடங்கள் செல்லச் செல்லக் கசியக்கூடியது, வெப்பம் அதிகமானால் இன்னும் விரைவாக. தகரக் கூரைக் கடையின் பெட்டியில் ஆறு வருடம் கிடந்த கார்டை நம்பி அதிகாரி முன் போய் நிற்க முடியாது.

வாரம் ஒரு முறை, கடை விடுமுறை நாளில், போனில் உள்ள பில்களைக் கம்ப்யூட்டருக்கோ தனி ஹார்டு டிஸ்க்குக்கோ மாற்றிவிடுங்கள். அந்த ஹார்டு டிஸ்க் கடையில் இல்லாமல் வீட்டில் இருக்கட்டும். பில்களை மட்டும் இன்டர்நெட்டில் ஏற்றி வைக்கலாம். கூகுள் 15 ஜி.பி. வரை இலவசமாகத் தருகிறது. முன்பு சொன்ன 3.6 ஜி.பி. கணக்குப்படி நான்கு வருட பில்கள் அதில் அடங்கும், மின்னஞ்சலும் மற்றப் படங்களும் அந்த இடத்தைத் தின்னாமல் இருந்தால். கார்டில் இருப்பது மூன்றாவது பிரதியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

திடீரென்று கார்டில் புதிதாக எதுவும் எழுத முடியவில்லை, ஆனால் பழையது திறக்கிறது என்றால் சிப் களைத்துவிட்டது என்று அர்த்தம். 'ஃபார்மேட் செய்யவா' என்று போன் கேட்டால் சம்மதிக்காமல், உள்ளே இருப்பதை உடனே நகல் எடுத்துக்கொண்டு, புதுக் கார்டு வாங்குங்கள். கழற்றும்போது செட்டிங்ஸில் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டே கழற்ற வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் ஒரு படம் மட்டும் அல்ல, பதிவேடு முழுவதுமே சிதையலாம்.

கடைசியாக, போனைச் சர்வீசுக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ கொடுக்கும் சமயம். திரைக்குப் போட்ட பூட்டு, சாதாரணமாக உபயோகிக்கும் கார்டைக் காப்பதில்லை. கார்டை எடுத்து வேறு போனில் செருகினால் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புத்தகம், பாக்கிப் பட்டியல் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அழித்த படங்களையும் மீட்டெடுக்கும் மென்பொருள் உண்டு என்பதால், வேண்டாத கார்டைக் கத்தரியால் குறுக்கே வெட்டிப் போடுவது உத்தமம். சர்வீஸ் கடைக்குப் போகுமுன் கார்டையும் சிம்மையும் கழற்றிக் கல்லாவில் வைத்துவிட்டுப் போங்கள். தட்டைத் திறக்கும் ஊசி போன் பெட்டியிலேயே கிடந்து தொலைந்துபோகும். கடைச் சாவிக்கொத்தில் கோத்து வைத்தால் வேண்டும்போது கையில் இருக்கும்.